400இஎக்ஸ் எஞ்சினில் கூடுதல் சக்தி: போரா, கம்ப்ரஷனா, ஸ்ட்ரோக்கா?

ஹோண்டா டிஆர்எக்ஸ்400இஎக்ஸ் 1999-இல் வந்த ஸ்போர்ட் ஏடிவி (மணல், காட்டுப் பாதைகளுக்கான நாலு சக்கர வண்டி). 2008 வரை அந்தப் பெயரிலும், 2009 முதல் 2014 வரை 400எக்ஸ் என்ற பெயரிலும் அமெரிக்காவில் விற்றது. ஒற்றை சிலிண்டர், 85 மிமீ போர் (சிலிண்டரின் உள்விட்டம்), 70 மிமீ ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), 397 சிசி, 9.1 கம்ப்ரஷன் (காற்றைச் சுருக்கும் விகிதம்), நாலு வால்வு, அவற்றைத் திறக்க ஒரே கேம், 38 மிமீ கார்புரேட்டர். காற்றில் குளிர்கிற எஞ்சின் என்பதால் ரேடியேட்டர், வாட்டர் பம்ப், ஹோஸ் எதுவும் குறுக்கே வராது. ஃபிரேமை விட்டு எஞ்சினை இறக்காமலே ஹெட்டையும் பேரலையும் (சிலிண்டர் பகுதி) கழற்றிவிடலாம். நண்பர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு காரேஜில் கட்டிப் பழக இதைவிடத் தோதான எஞ்சின் அதிகம் இல்லை.

சக்தி கூட்ட நான்கு வழிகள் பேசப்படுகின்றன. போரை அப்படியே வைத்தோ ஓர் ஓவர்சைஸ் (அடுத்த பெரிய அளவு) மட்டும் ஏற்றியோ கம்ப்ரஷன் கூடிய பிஸ்டன் போடுவது ஒன்று. பேரலுக்குள் இருக்கும் பழைய இரும்பு ஸ்லீவிலேயே 87 மிமீ வரை போர் எடுத்து 416 சிசி ஆக்குவது இன்னொன்று. புது ஸ்லீவ் இறக்கி 89.5 மிமீ எடுத்தால் 440 சிசி. கடைசி வழி, கிராங்கை மாற்றி ஸ்ட்ரோக்கை நீட்டுவது. நம்மூர் மெக்கானிக் பேச்சில் முதல் மூன்றும் ஆஃப் எஞ்சின் வேலை (மேல்பாதி மட்டும் கழற்றுவது), நாலாவது ஃபுல் எஞ்சின் (முழுதும் பிரிப்பது).

கிட் விற்பவர்களின் பட்டியலைப் பார்த்தால் சிசி கூடக் கூட சக்தியும் கூடும் என்றுதான் தோன்றும். ஆனால் எதை எடுப்பது என்பதை முடிவு செய்வது வண்டி ஓடும் இடம், அங்கே பங்கில் கிடைக்கும் பெட்ரோல், ஸ்லீவில் மிச்சம் இருக்கும் இரும்பு ஆகிய மூன்றும்தான்.

காகிதக் கணக்கு

முதலில் சிசி. 397-ஐ 416 ஆக்கினால் கூடுவது 5 சதவீதத்துக்குக் கொஞ்சம் கீழே. 440 என்றால் 11 சதவீதம்.

அடுத்து கம்ப்ரஷன். 9.1 என்ற விகிதத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டால், பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது அதன் தலைக்கு மேல் மிஞ்சும் இடம் ஏறக்குறைய 49 சிசி. 85 மிமீ போரிலேயே 11 கம்ப்ரஷன் வேண்டுமானால் அந்த இடம் 40 சிசிக்கு இறங்க வேண்டும். பிஸ்டன் தலையில் மேடு வைப்பது அதற்காகத்தான். 9.1-இலிருந்து 11-க்குப் போனால், பாடப்புத்தகத்தில் பெட்ரோல் எஞ்சினுக்கு உள்ள ஓட்டோ (Otto) சுழற்சிக் கணக்குப்படி கிடைக்கும் ஆதாயம் சுமார் 5 சதவீதம்.

ஆக, 87 மிமீ போர் தருவதும் 11 கம்ப்ரஷன் பிஸ்டன் தருவதும் ஏறக்குறைய ஒரே அளவு. ஒன்று ஸ்லீவின் இரும்பைத் தின்று தருகிறது, மற்றது பெட்ரோலின் ஆக்டேனை (நாக்கிங்கைத் தாங்கும் அளவு) தின்று தருகிறது. இரண்டையும் சேர்த்த 416, 11 கம்ப்ரஷன் கிட் 10 சதவீதத்தைத் தொடும்.

இங்கே பலர் கவனிக்காமல் விடுவது ஒன்று உண்டு. போரைப் பெரிதாக்கினாலே கம்ப்ரஷன் தானாக ஏறும். மேலே அதே 49 சிசி இருக்க, 416-இல் விகிதம் 9.5 ஆகிவிடுகிறது, 440-இல் 10-ஐ நெருங்குகிறது. ஸ்டாக் பிஸ்டனைப் போன்ற தலை கொண்ட பெரிய பிஸ்டன் போட்டாலும் இந்த ஏற்றம் உண்டு. பிஸ்டன் வாங்கும்போது பெட்டியில் எழுதியிருக்கும் விகிதம் எந்தப் போருக்கானது, எந்தத் தடிமன் கேஸ்கெட்டுக்கானது என்று கேட்டு வாங்குங்கள்.

இந்தச் சதவீதமெல்லாம் முறுக்குவிசைக்கு, அதாவது நடு ஆர்பிஎம் வரைக்கும் பொருந்தும். மேல் ஆர்பிஎம்மில் அதே வால்வு, அதே போர்ட் வழியாகத்தான் காற்று வர வேண்டும். சிலிண்டர் பெரிதானாலும் மூக்கு பழைய மூக்கு. கேமையும் எக்ஸாஸ்டையும் தொடாத 440 கீழே நன்றாக இழுக்கும், மேலே சீக்கிரமே மூச்சு முட்டும்.

இன்னொரு கணக்கையும் போட்டுவிடலாம், சிலருக்கு எஞ்சினைத் திறக்கும் ஆசையே போய்விடக்கூடும். இந்த வண்டியின் ஸ்டாக் ஸ்பிராக்கெட் முன்னால் 15 பல், பின்னால் 38. முன்னால் 14 பல் போட்டால் ஒவ்வொரு கியரிலும் சக்கரத்துக்குப் போகும் இழுவை 7 சதவீதம் கூடும். உச்ச வேகம் அதே அளவு குறையும். 416-க்கான போர் வேலை தருவதைவிட இது அதிகம், அரை மணி நேர வேலை. காட்டுப் பாதையில் மட்டும் ஓட்டுகிறவர்கள் முதலில் இதைச் செய்து ஒரு மாதம் ஓட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் பிஸ்டனைப் பற்றி யோசிக்கலாம்.

திறப்பதற்கு முன் எஞ்சினைக் கேளுங்கள்

எந்த வழி என்பதைப் பாதி எஞ்சினே சொல்லிவிடும். கம்ப்ரஷன் கேஜை நம்ப வேண்டாம். கேமில் ஆட்டோ டிகம்ப்ரஸர் இருப்பதால் செல்ஃப் அடிக்கும் வேகத்தில் எக்ஸாஸ்ட் வால்வு கொஞ்சம் திறந்தே இருக்கும், ரீடிங் குறைவாகக் காட்டும். லீக்-டவுன் டெஸ்டர் வேண்டும். கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் உச்சியில் பிஸ்டனை நிறுத்தி, பின் சக்கரம் சுழலாதபடி கியரில் போட்டு ஒருவர் பிரேக்கைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் 100 பிஎஸ்ஐ காற்றை விட வேண்டும். கசிவு 10 சதவீதத்துக்குள் இருந்தால் நல்ல எஞ்சின். 20-ஐத் தாண்டினால் வேலை இருக்கிறது.

எங்கே கசிகிறது என்பதைக் காதால் கேட்கலாம். சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, கார்புரேட்டர் வாயில் சீறினால் இன்டேக் வால்வு. ஆயில் டேங்கின் மூடியைத் திறந்ததும் காற்று வந்தால் பிஸ்டன் ரிங்கு. வால்வு மட்டும் கசிகிற எஞ்சினில் போரைத் தொடவே தேவை இல்லை. ஹெட்டைக் கொடுத்து சீட்டு வெட்டி வாங்கினாலே தொலைந்துபோன சக்தி திரும்ப வரும், அதோடு கம்ப்ரஷன் பிஸ்டன் ஒன்றைச் சேர்த்தால் போதும்.

பேரலைக் கழற்றியதும் கனெக்டிங் ராடைப் பிடித்து நேர் மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள். பக்கவாட்டில் ராடு நகர்வது இயல்பு, அந்த இடைவெளியை ஃபீலர் கேஜில் அளந்து மேனுவலோடு ஒப்பிடலாம். மேலும் கீழும் 'டக்' என்று ஒரு சின்னத் தட்டல் கையில் தட்டுப்பட்டாலும் பிக் எண்ட் (ராடு கிராங்கோடு சேரும் பேரிங்) போய்விட்டது. அந்தக் கிராங்கின் மேல் 11 கம்ப்ரஷன் பிஸ்டன் வைப்பது, இற்றுப்போன கயிற்றில் புது வாளி கட்டுவது மாதிரி. ஸ்ட்ரோக்கர் கிராங்கைப் பற்றி யோசிக்க நியாயமான காரணம் இது ஒன்றுதான்.

ஸ்ட்ரோக்கர்: சீக்கிரம் பேசி முடிக்கலாம்

85 மிமீ போரில் ஸ்ட்ரோக்கை 3 மிமீ நீட்டி 73 ஆக்கினால் 414 சிசி. 87 மிமீ போர் தருவது 416. அந்த இரண்டு சிசி குறைவான பலனுக்காக எஞ்சினை ஃபிரேமிலிருந்து இறக்கி, ஃப்ளைவீல், கிளட்ச், கேஸ் (கிராங்க் இருக்கும் உறை) என்று எல்லாவற்றையும் பிரித்து, கிராங்க் பேரிங் மாற்றி, கியர் ஷிம்களை வந்த வரிசையிலேயே திரும்ப அடுக்க வேண்டும். 8,000 ஆர்பிஎம்மில் பிஸ்டனின் சராசரி வேகமும் நொடிக்கு 18.7 மீட்டரிலிருந்து 19.5-க்கு ஏறும். பிஸ்டனில் பின் (pin) துளை இருக்கும் உயரமும் இந்தக் கிராங்குக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பிஸ்டன் 1.5 மிமீ மேலேறி ஹெட்டில் முட்டும். கிராங்க் எப்படியும் மாற்ற வேண்டிய நிலையில் இருந்தால் மட்டும் யோசியுங்கள். அப்போதும் ஸ்டாக் ஸ்ட்ரோக் கிராங்கே போதும் என்பதே நம் கட்சி.

85.5-ம் 87-ம்

உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும் இடையில்தான். இதன் ஸ்லீவ் வார்ப்பிரும்பு, லேத் பட்டறையில் போர் எடுக்கலாம், தேய்ந்தால் மறுபடி எடுக்கலாம். தேய்ந்த சிலிண்டரை 85.5-க்கு எடுத்தால் 402 சிசி வரும், அடுத்தடுத்த ஓவர்சைஸ்களுக்கு இரும்பு மிச்சம் இருக்கும். நேராக 87-க்குப் போனால் ஸ்டாக் ஸ்லீவின் வாழ்நாளை ஒரே மூச்சில் செலவழித்துவிடுகிறீர்கள். அதன்பின் ஒருமுறை மண் உள்ளே போய்க் கோடு விழுந்தாலோ பிஸ்டன் பிடித்துக்கொண்டாலோ புது ஸ்லீவ்தான். மெலிந்த சுவர் சூட்டில் வட்டம் மாறி முட்டை வடிவம் எடுக்கவும் வாய்ப்பு அதிகம்.

இடத்தைப் பொறுத்து இதைப் பாருங்கள். தெற்குக் கலிஃபோர்னியாவின் கிளாமிஸ் மணல்மேடுகளில் வண்டி பேடில் டயரோடு (துடுப்பு மாதிரிப் பட்டை வைத்த மணல் டயர்) நிமிடக்கணக்கில் முழுத் திராட்டிலில் ஏறும். கடல்மட்டத்தை ஒட்டிய கனமான காற்று, சூடு வேறு. கலிஃபோர்னியா பங்குகளில் பிரீமியம் என்றால் 91 ஆக்டேன்தான். அமெரிக்கக் கணக்கில் 91 என்பது நம்மூர்க் கணக்கில் ஏறத்தாழ 95, 96. காற்றில் குளிர்கிற எஞ்சினில் 11 கம்ப்ரஷனை 91-ஐ ஊற்றி இப்படி ஓட்டினால் நாக்கிங் (பெட்ரோல் தாறுமாறாக வெடித்துத் தட்டுவது) வரும். மணலின் இரைச்சலிலும் ஹெல்மெட்டுக்குள்ளும் அது காதில் விழாது. கழற்றிப் பார்க்கும்போது பிஸ்டனின் விளிம்பில் மணல்வாரி அடித்தாற்போல் பொடிப்பொடிக் குழிகள் தெரியும், அவ்வளவுதான் எச்சரிக்கை. அங்கே ஓட்டுகிறவருக்கு 416, கம்ப்ரஷன் 10 அல்லது அதற்குக் கீழே. இரும்பைச் செலவழித்து ஆக்டேனை மிச்சம் பிடிப்பது அங்கே சரி.

மேற்கு வர்ஜீனியாவின் ஹாட்ஃபீல்ட்-மெக்காய் பாதைகள் வேறு உலகம். மரங்களுக்கு நடுவே இரண்டாவது, மூன்றாவது கியரில் ஏற்றமும் இறக்கமும். திராட்டில் விட்டுவிட்டுத்தான் திறக்கும். கிழக்கு மாநிலங்கள் பலவற்றில் 93 ஆக்டேன் கிடைக்கும். 85.5 போரில் 11 கம்ப்ரஷன் அங்கே தாராளமாகத் தாங்கும், திராட்டிலைத் தொட்டதும் கிடைக்கும் விறுவிறுப்பு அந்தப் பாதைக்குப் பொருந்தும், ஸ்லீவும் இன்னும் பல வருடம் வரும். மலை மாநிலங்களில், 1,500 மீட்டருக்கு மேலே, மெல்லிய காற்று கம்ப்ரஷனின் வேகத்தைத் தணித்துவிடும். அங்கேயே ஓடும் வண்டிக்கு 11 பயமில்லை. ஆனால் அதே வண்டியை டிரெய்லரில் ஏற்றிக் கடற்கரைக்குக் கொண்டுபோகும் வழக்கம் இருந்தால் கடற்கரைக் கணக்கிலேயே கட்டுங்கள்.

சிலிண்டர் இன்னும் தேயாமல் 85-லேயே இருந்தால் 416-க்கு அவசரப்படாதீர்கள். ஹோனிங் போட்டு (போரின் சுவரைக் கல்லால் லேசாக உரசி) 85 மிமீ கம்ப்ரஷன் பிஸ்டன் இறக்கினால் போதும்.

440 யாருக்கு

ஸ்லீவ் ஏற்கெனவே பாழாகி எப்படியும் மாற்ற வேண்டும் என்றால் 440 நியாயமான தேர்வு. புது ஸ்லீவ் இறக்கும் கூலி இரண்டு வழியிலும் ஒன்றுதான். சுவரும் தேவையான கனத்தில் வரும்.

ஆனால் இது முழுக்க பட்டறைக்காரரின் கைத்திறன். அலுமினியப் பேரலைச் சூடாக்கிப் பழைய ஸ்லீவைத் தட்டி எடுத்து, புதியதை இறக்கும்போது மேல் விளிம்பு அதன் படியில் முழுதாக உட்கார வேண்டும். உட்காராமல் மயிரிழை தூக்கி நின்றால் பேரல் ஆறும்போது தெரியாது. எஞ்சின் சூடேறி இறங்கிச் சில முறை ஆன பிறகு ஸ்லீவ் கீழே இறங்கும், ஹெட் கேஸ்கெட் ஊதும். ஸ்லீவ் இறக்கிய பின் மேல்முகத்தை மட்டமாகச் சீவித் தருவாரா என்று கேளுங்கள். முகம் சுளித்தால் வேறு பட்டறை பாருங்கள். ஸ்லீவின் கீழ்வால் கேஸ் வாயில் நுழையுமா என்பதையும் பேரலைக் கொடுப்பதற்கு முன்பே வெர்னியரில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

போர் பெரிதாகப் பெரிதாக, போரின் விளிம்புக்கும் ஸ்டட் துளைகளுக்கும் கேம் செயின் போகும் சந்துக்கும் இடையே கேஸ்கெட் உட்காரும் தடம் குறுகும். 440-இல் கேஸ்கெட் பிரச்சினை கூடுதலாக வருவது இதனால். சூடும் கூடும், ஆனால் பேரலின் இறகுகள் அதே இறகுகள்தான். 440-ஓடு கேம், போர்ட் வேலை, பெரிய கார்புரேட்டர் எல்லாம் சேர்க்கிற பட்ஜெட் என்றால், அந்தப் பணத்தோடு இந்த வண்டியையும் விற்றுப் பழைய டிஆர்எக்ஸ்450ஆர் ஒன்றை விசாரித்துவிடுவது புத்திசாலித்தனம். 2004-இல் வந்தது, தண்ணீரில் குளிர்கிறது, இதன் சிரமம் எதுவும் இல்லாமல் 440-ஐத் தாண்டும்.

கேம்

ஸ்டேஜ் 1 வகை, அதாவது மிதமான கேம் 85.5 போருக்கும் 416-க்கும் நன்றாகச் சேரும். அதைவிடப் பெரிய ஸ்டேஜ் 2, முழுத் திராட்டிலில் ஓடாத வண்டிக்கு நஷ்டம், கீழ் ஆர்பிஎம் சோர்ந்துவிடும். வாங்கும் முன் ஆட்டோ டிகம்ப்ரஸர் அதில் இருக்கிறதா என்று கேளுங்கள். இந்த வண்டிக்குக் கிக்கர் கிடையாது, செல்ஃப் மட்டும்தான். 11 கம்ப்ரஷனும் டிகம்ப்ரஸர் இல்லாத கேமும் சேர்ந்தால் குளிர் காலையில் பேட்டரி கையை விரிக்கும்.

புதுக் கேமை, பழைய குழி விழுந்த ராக்கரோடு ஓடவிட்டால் சில மணி நேரத்தில் கேமும் குழி விழும். ராக்கர் முகத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் எங்கேயாவது தடுக்கினால் மாற்றுங்கள்.

மேடு வைத்த பிஸ்டனும் பெரிய கேமும் சேரும்போது வால்வு பிஸ்டனில் இடிக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். பிஸ்டனின் வால்வுக் குழிகளில் விளையாட்டுக் களிமண்ணை மெல்லிசாக ஒட்டி, மேலே ஒரு சொட்டு எண்ணெய் தடவி, பழைய கேஸ்கெட்டோடு ஹெட்டை இறுக்கி, டைமிங் வைத்து, கையால் இரண்டு முழுச் சுற்று. கழற்றிக் களிமண்ணைக் கத்தியால் குறுக்கே வெட்டி, மிக மெல்லிய இடத்தை அளங்கள். இன்டேக் பக்கம் 1.0 மிமீ, எக்ஸாஸ்ட் பக்கம் 1.5 மிமீ கீழ் எல்லை.

பட்டறைக்கு என்ன, உங்கள் இருவருக்கு என்ன

போர் எடுப்பது, ஹோனிங், வால்வு சீட்டு வெட்டுவது மூன்றும் பட்டறைக்கு. மற்றதெல்லாம் காரேஜில் முடியும். பிஸ்டன் கைக்கு வந்த பிறகே பேரலைக் கொடுக்க வேண்டும், இந்த வரிசையை மாற்றக் கூடாது. '87-க்கு எடுங்கள்' என்று வாயால் சொல்லிவிட்டு வந்தால் 87.00 வரும். பிஸ்டனும் அதை ஒட்டியே இருந்தால் இடைவெளி போதாது. ஃபோர்ஜ்டு (அழுத்தி அடித்து உருவாக்கிய) பிஸ்டன் வார்ப்புப் பிஸ்டனைவிடச் சூட்டில் கூடுதலாக விரியும். இந்த அளவுப் போரில் பொதுவாக 0.05 முதல் 0.08 மிமீ வரை இடைவெளி கேட்கும். பெட்டிக்குள் இருக்கும் தாளில் எந்த உயரத்தில் பிஸ்டனை அளக்க வேண்டும், எவ்வளவு இடைவெளி என்று இருக்கும். அந்தத் தாளையும் பிஸ்டனையும் சேர்த்தே கொடுங்கள். குளிரில் கொஞ்சம் தட்டல் சத்தம் கேட்டால் பதற வேண்டாம், ஃபோர்ஜ்டு பிஸ்டனின் குணம் அது.

திரும்பி வந்த பேரலை மறுபடி அளப்பது உங்கள் வேலை. மேல், நடு, கீழ் என மூன்று உயரத்தில், முன்பின் ஒருமுறை, இடவலம் ஒருமுறை, ஆக ஆறு ரீடிங். இருவர் இருப்பதன் பெரிய லாபம் இங்கேதான். ஒருவர் அளந்து வாயைத் திறக்காமல் எழுதி மடித்து வைக்கட்டும், மற்றவர் தனியாக அளக்கட்டும். இரண்டு தாளும் ஒத்துப்போனால் நம்பலாம். முதல் ஆள் எண்ணைச் சொல்லிவிட்டால் இரண்டாவது ஆளின் மைக்ரோமீட்டரும் அதையே சொல்லும், மனித சுபாவம்.

அடுத்தது கழுவுவது. வீட்டில் கட்டும் எஞ்சின்கள் சீக்கிரம் புகை அடிப்பதற்கு இதைவிட எளிமையான, இதைவிட அதிகம் அலட்சியப்படுத்தப்படும் காரணம் கிடையாது. ஹோனிங் கல்லின் பொடி, போரில் இழுத்த குறுக்குக் கோடுகளுக்குள் உட்கார்ந்திருக்கும். பெட்ரோலோ மண்ணெண்ணெயோ எண்ணெயைக் கரைக்கும், பொடியை அசைக்காது. சுடுநீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் எடுத்து, நார் பிரஷ்ஷால் போரை நுரை வரத் தேய்த்துக் கழுவுங்கள். பிறகு எண்ணெய் தொட்ட வெள்ளைத் துணியால் ஒரு துடை. துணி சாம்பல் நிறமாக வரும். மறுபடி கழுவுங்கள். நாலாவது, ஐந்தாவது தடவையில்தான் துணி துணி நிறத்திலேயே வரும். அந்த நொடியே எண்ணெய் தடவிவிடுங்கள், வெறும் இரும்பு உங்கள் கண்முன்னே துருப்பிடிக்கும்.

ரிங்கின் வாய் இடைவெளி: ஒவ்வொரு ரிங்கையும் போரில் விட்டு, பிஸ்டன் தலையால் 20 மிமீ கீழே நேராகத் தள்ளி, ஃபீலர் கேஜால் அளங்கள். மிதமாகச் சக்தி கூட்டிய எஞ்சினுக்கு போர் அளவை 0.004 ஆல் பெருக்கலாம். 87 மிமீக்கு 0.35 மிமீ. கிட்டின் தாள் வேறு எண் சொன்னால் தாளே சரி. குறைவாக இருந்தால் நுனியை அரத்தில் தேயுங்கள், வெளிமுகத்திலிருந்து உள்நோக்கி மட்டும். இடைவெளி கொஞ்சம் கூடினால் சக்தியில் துளி குறையும். குறைவாக இருந்தால் சூட்டில் நுனிகள் முட்டி ரிங்கு போரைக் கிழித்துவிடும். எந்தப் பக்கம் தவறலாம் என்பது இப்போது தெரிந்திருக்கும்.

கேம் செயின் டென்ஷனரைத் தளர்ந்த நிலையில் பூட்டாமல் ஹெட்டைக் கழற்றவோ மாட்டவோ கூடாது. பிஸ்டன் பின்னைப் (pin) பிடித்து நிறுத்தும் சர்க்கிளிப் எப்போதும் புதியது. அதை மாட்டும்போது கேஸ் வாயில் துணி அடைத்திருக்க வேண்டும். உள்ளே விழுந்த சர்க்கிளிப், ஆஃப் எஞ்சின் வேலையை ஃபுல் எஞ்சின் வேலையாக மாற்றிவிடும். சர்க்கிளிப்பின் திறந்த வாய், பிஸ்டனில் உள்ள பிடுங்கும் பள்ளத்தின் நேரே வரக் கூடாது.

பேரலை இறக்குவதற்கு நாலு கை வேண்டும். ஒருவர் பிஸ்டனின் அடியில் இரு விரல் கொடுத்து அதை நிமிர்த்திப் பிடித்து, ரிங்குகளைக் கட்டைவிரல்களால் அமுக்குகிறார். மற்றவர் பேரலை மேலிருந்து இறக்கிக்கொண்டே, கேம் செயினில் கட்டிய கம்பியைச் சந்து வழியாக மேலே இழுத்துப் பிடிக்கிறார். ஸ்லீவின் கீழ் விளிம்பில் சரிவு வெட்டியிருந்தால் ரிங்குகள் ஒவ்வொன்றாக 'க்ளிக்' என்று உள்ளே போகும். மூன்றாவது ஆயில் ரிங்கில் பேரல் நின்றுவிட்டால் மேலிருந்து தட்டுகிற ஆசை வரும். தட்டினால் அந்த மெல்லிய பட்டை மடிந்துவிடும், எஞ்சின் ஓடத் தொடங்கி நீலப் புகை வரும்வரை யாருக்கும் தெரியாது. தூக்கி, ரிங்கைப் பார்த்து, மறுபடி இறக்குங்கள்.

டைமிங்: ஃப்ளைவீலில் டி குறி, கேம் ஸ்பிராக்கெட்டின் கோடு ஹெட்டின் மேல்முகத்தோடு மட்டம். டென்ஷனரை விடுவித்த பிறகு கையால் இரண்டு சுற்று சுற்றி மறுபடி பாருங்கள். டென்ஷனர் இழுத்ததில் ஒரு பல் தாவியிருந்தால் இப்போதுதான் தெரியும். வால்வு கிளியரன்ஸ் குளிர்ந்த எஞ்சினில் இன்டேக் 0.10 மிமீ, எக்ஸாஸ்ட் 0.12 மிமீ.

பெட்ரோலும் முதல் ஓட்டமும்

எந்த வழியைத் தேர்ந்தாலும் கார்புரேட்டரைத் தொடாமல் விட்டால் கட்டிய வேலை வீண். ஏர் பாக்ஸ் மூடியைத் திறந்து, சைலன்சரையும் மாற்றினால் காற்று கூடும், பெட்ரோல் பழைய அளவில் நிற்கும். லீனாக ஓடும் எஞ்சின் ஆரம்பத்தில் சுறுசுறுப்பாகத் தோன்றுவதுதான் ஆபத்து, பிஸ்டன் உருகும்வரை ஓட்டுகிறவருக்கு மகிழ்ச்சியாக இருக்கும். மெயின் ஜெட்டை இரண்டு மூன்று அளவு பெரிதாகப் போட்டு ரிச்சான பக்கத்திலிருந்து தொடங்கி, ஒவ்வொன்றாக இறங்குங்கள். நாலாவது கியரில் முழுத் திராட்டிலில் போகும்போது திராட்டிலைக் கொஞ்சம் விட்டுப் பாருங்கள். விட்டதும் வண்டி முன்னே பாய்ந்தால் மெயின் ஜெட் சிறிது. பெட்ரோலை அளப்பது கால் திராட்டில் வரை பைலட் ஜெட், நடுவில் நீடில், அதற்கு மேல் மெயின் ஜெட். திராட்டிலை விடும்போது சைலன்சர் படபடவென்று வெடித்தால் பைலட் ஜெட் மேல் பழிபோடும் முன் எக்ஸாஸ்ட் கேஸ்கெட்டைப் பாருங்கள். இந்த ஹெட்டில் இரண்டு எக்ஸாஸ்ட் குழாய், இரண்டு இணைப்பு. ஒன்று கசிந்தாலும் அதே சத்தம்.

எண்ணெய் தனி டேங்கில் இருக்கும் டிரை சம்ப் எஞ்சின் இது. ஹோஸைக் கழற்றியிருந்தால் உள்ளே காற்று புகுந்திருக்கும், பம்ப் உறிஞ்சாது. ஸ்டார்ட் செய்வதற்கு முன் பிளக்கைக் கழற்றி, ஹெட்டில் எர்த் ஆகும்படி வைத்து, டேப்பட் மூடியைத் திறந்து, ஐந்து ஐந்து நொடியாகச் செல்ஃப் அடியுங்கள். ராக்கரில் எண்ணெய் வந்து பளபளப்பதை இருவரும் கண்ணால் பார்த்த பிறகே பிளக்கை மாட்டுங்கள். எண்ணெய் அளவைச் சில நிமிடம் ஓடவிட்டு நிறுத்திய பிறகு பாருங்கள். ஓடாத எஞ்சினில் டிப்ஸ்டிக் பொய் சொல்லும், அதை நம்பி ஊற்றினால் ஏர் பாக்ஸுக்குள் எண்ணெய் வழியும்.

ரிங்கு படிய அழுத்தம் வேண்டும். மணிக்கணக்கில் ஐட்லிங்கில் விட்டால் போர் கண்ணாடி மாதிரி மெருகேறி, ரிங்கு படியவே படியாது. சூடேறும்வரை ஓடவிட்டு, முழுதாக ஆறவிட்டு, இப்படி இரண்டு முறை. அதன்பின் பாதி திராட்டில் வரை ஏற்றி, திராட்டிலை விட்டு எஞ்சின் பிரேக்கிலேயே இறங்கி, திரும்பத் திரும்ப, அரை மணி நேரம். மினரல் ஆயில் போதும், விலை உயர்ந்த சிந்தெடிக் இப்போது வேண்டாம்.

அரை மணி நேர ஓட்டம் முடிந்ததும் சூட்டோடு அந்த எண்ணெயை வெள்ளைப் பாத்திரத்தில் வடித்து, ஃபில்டரைக் கத்தரித்து மடிப்பை விரித்து வெயிலில் பாருங்கள். எண்ணெயில் வெள்ளிப் பொடி மாதிரி மினுமினுப்பு இருந்தால் ரிங்கு படிகிறது. மடிப்பில் நகத்தால் எடுக்கக்கூடிய அலுமினியச் செதில் கிடைத்தால் அன்றே பேரலை மறுபடி கழற்ற வேண்டியதுதான்.